இருபத்தாறு செக்கன்

முழங்கால் இரண்டும் அன்று காலை மடங்க மறுத்தன. இருபது வருடம் குந்தியிருந்து குளியலறைத் தரைகளில் ரைல் ஓடு பதித்தவனுக்கு அது புதிதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு முனகினேன்.

"முழங்கால் தேஞ்சு போச்சு, வாய் மட்டும் தேயேல்லை," என்றாள் என் மனைவி ரதி. "வந்து இருந்து சாப்பிடுங்கோ."

2010 சித்திரை. குளியலறை திருத்துகிற காலம் தொடங்கிவிட்டது, போன் அடிக்கவில்லை. இந்த முறை வேலை பிடிக்காவிட்டால் பழையபடி தொழிற்சாலையில் பத்து மணித்தியாலம் நிற்க வேண்டும். இந்தக் காலோடு அது நடவாது.

வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருக்கிற அடுக்குமாடிக் கட்டடத்தில், எட்டாம் மாடியில் ரிஃப்னா இருக்கிறாள். இரண்டு பிள்ளைகளின் தாய். வெப்சைற் செய்வது தொழில். நான் கேட்டதால் வந்து, எங்கள் குளியலறை திருத்துகிற கொம்பனியின் இணையப் பக்கத்தைத் திறந்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"இருபத்தாறு செக்கன், அங்கிள். இது திறக்கிறதுக்குள்ள சனம் வேற கொம்பனிக்குப் போன் அடிச்சு விலையும் பேசி முடிச்சிடும்."

"என்ர வேலை திறமான வேலை, பிள்ளை."

"வேலை திறம்தான். கண்ணில படவேணுமே? கூகிள்ள நாலாம் பக்கத்தில கிடக்கிறியள். அங்க ஆர் வாறது? இனி பக்கம் திறக்கிற வேகத்தையும் பாத்துத்தான் வரிசைப்படுத்துவினமாம். இந்த மாசம்தான் அறிவிச்சவை."

பக்கத்தை இறக்கிக்கொண்டு போனவள் நின்றாள். போன வைகாசியில் ஊரில் சண்டை முடிந்தபோது நான் போட்ட படங்கள். ரைல் பதிக்கப் போன வீடுகளில் ஆட்கள் கையில் தந்தவை. எல்லோரும் வன்னியில் காணாமல் போனவர்கள். அறுபத்தொரு பேர். படங்களை ஸ்கான் பண்ணித் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஸ்கான் பண்ணின அளவிலேயே ஏற்றியிருந்தேன்.

"உதுதான் பாரம்," என்றாள். "உதை எடுத்தால்..."

"எடுக்க மாட்டன்."

"வேலை வேண்டாமோ அப்ப?" ரதி குசினியிலிருந்து கேட்டாள்.

"ரெண்டும் வேணும்."

ரிஃப்னா படங்களை ஒருக்கால் மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "சரி, தனிப் பக்கத்தில போடுவம். படங்களைச் சின்னனாக்குவம். பேரெல்லாம் படத்துக்குள்ளயே எழுதியிருக்கு. அதைக் கூகிளுக்கு வாசிக்கத் தெரியாது. கீழ எழுத்தாய் அடிச்சு விட்டால், ஆரும் அந்தப் பேரைத் தேடினால் வரும். ஒண்டைச் செய்து காட்டுறன். மிச்சம் நீங்கள்."

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ரதி பெயர்களை வாசித்தாள், நான் ஒரு விரலால் அடித்தேன். ஒவ்வொரு படத்தையும் சிறிதாக்கி, குழப்பம் வரக்கூடாது என்று அதே பெயரில் சேமித்து, பழையதின் மேலேயே ஏற்றினேன். ஒரே வீட்டு ஐந்து பெயர்கள் வந்தபோது ரதி எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டாள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பத் தொடங்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

மூன்று செக்கனில் திறந்தது. ஆனி முடிவதற்குள் முதலாம் பக்கத்தில் ஏழாவதாக நின்றோம். "வேகம் மட்டும் இல்லை அங்கிள், நீங்கள் அடிச்ச எழுத்தும் சேர்ந்துதான்," என்றாள் ரிஃப்னா. எதுவாக இருந்தாலென்ன, ஒரே கிழமையில் நாலு குளியலறை பிடிபட்டது.

ஆடியில், நகரத்தின் மறுபக்கம் சென் ஜேம்ஸ் ரவுணிலிருந்து வேரோனிக்கா அன்ரி வந்தார். அவரின் மகள் பேர்ணடெற்றும் அந்த அறுபத்தொன்றில் ஒருத்தி.

"பேரை அடிச்ச உடன பிள்ளையின்ர முகம் வருது, தம்பி. நல்லாயிருப்பியள். எனக்கு அதைப் பெரிசாய் ஒரு பிரதி எடுத்துத் தாங்கோ. என்னட்டை இருந்த ஒரே படத்தை, காணாமப் போன ஆக்களை விசாரிக்கினம் எண்டு ஒரு அரசாங்கக் கந்தோருக்கு அனுப்பினனான். திரும்பி வரேல்லை."

திறந்தேன். பெருவிரல் நகமளவு இருந்தது. பெரிதாக்கினேன். கண் எது, மூக்கு எது என்று தெரியாமல் சதுரம் சதுரமாக உடைந்தது. உள்ளறைக்குப் போய் ரிஃப்னாவுக்குப் போன் எடுத்தேன்.

"முதல் ஸ்கான் பண்ணினது எங்க, அங்கிள்?"

"அதுக்கு மேலதான் சேமிச்சனான்."

"சேர்வரில, பக்கத்தில ஏத்தியிருந்த பழசு?"

"அதுக்கு மேலதான் ஏத்தினனான்."

"அப்ப போச்சு, அங்கிள்," என்றாள்.

திரும்பி வந்தபோது அன்ரி கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "மெசின் மெதுவோ, தம்பி? ஆறுதலாய்ப் பாருங்கோ. எனக்கு அவசரம் இல்லை."

மறைக்கவில்லை. செய்ததைச் செய்தபடியே சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கேட்டுவிட்டு, "அப்ப நான் இனி எதைப் பாக்கிறது?" என்றார்.

படத்தைத் திருப்பித் தரச் சொல்லி அந்தக் கந்தோருக்கு ஐந்து முறை எழுதிவிட்டேன். பேர்ணடெற்றோடு படித்தவர்களில் இலண்டனில் மூன்று பேரைப் பிடித்துக் கேட்டேன். அவர்களிடம் அவளின் படம் இல்லை. நாலாவது ஆளின் நம்பர் நேற்றுக் கிடைத்தது. நாளைக்குப் போன் எடுப்பேன். அந்த ஆளிடமும் இல்லையென்றால் அடுத்த ஆள்.

வேரோனிக்கா அன்ரிக்கு அவரின் மகளின் முகத்தை நான் இன்னும் கொடுக்க வேண்டியிருக்கிறது.