குணலட்சுமி வளர்த்த புழுக்கள்

தம்பி சுபாஸ்கரன் தன் மனைவி தயாளினியை டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று பின்னேரம், குணலட்சுமி துவாயால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின் அறைக் கதவைத் திறந்தாள். மேசையில் அகலமான பேசின்கள். தவிட்டுக்குள் ஆயிரக்கணக்கில் மஞ்சள் புழுக்கள் சரசரத்துக்கொண்டிருந்தன. தயாளினி அவற்றை வளர்த்து, நெல்லியடியில் குருவியும் அலங்கார மீனும் விற்கும் கடைக்குத் தீனியாகக் கொடுத்து வந்தாள். மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைக்காத வீட்டில் புழு வளர்ப்பதா என்று முதலில் முகம் சுளித்தவளே குணலட்சுமிதான்.

அந்த வீட்டில் உயிருள்ள எதையும் அவளிடம் ஒருவரும் ஒப்படைப்பதில்லை. அவள் நட்ட கறிவேப்பிலைக் கன்று பட்டுப்போனது. அவள் பார்த்த கோழிக்குஞ்சுகளைக் கீரி கொண்டுபோனது. கைராசி இல்லாதவள் என்று சின்ன வயதிலேயே பெயர் விழுந்துவிட்டது. கலியாணம் சரிவராமல் போனபோதும் அதையே சொன்னார்கள். ஐம்பதைத் தாண்டிய பிறகு அவளும் நம்பிவிட்டாள்.

இப்போது வேறு ஆளில்லாததால், ஒரு துண்டு கரட் போட்டால் போதும் என்று தயாளினி அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தாள். பாவம், பசிக்குமே என்று குணலட்சுமி பழுத்த பூசணியைப் பெரிய துண்டுகளாக வெட்டிப் போட்டாள். இரண்டொரு நாளில் தவிடு பூஞ்சணம் பிடித்து நாறியது. புழுக்கள் கறுத்துச் செத்தன. யன்னல் வழியாக எறும்புகள் வரிசை கட்டி வந்தன. தயாளினிக்குப் போன் எடுத்தாள்.

"எறும்பு ஏறினா முடிஞ்சுது மச்சாள்," என்றாள் தயாளினி, தீனமான குரலில். "எல்லாத்தையும் கோழிக்குக் கொட்டிவிடுங்கோ. ஒருத்தரும் உங்களைக் குறை சொல்லமாட்டினம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் தைத்தது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"கொட்டமாட்டன்," என்றாள் குணலட்சுமி. "நான் பாக்கிறன்."

எறும்பு ஏறாதபடி மேசைக் கால்களை வெறும் ரின்பால் தகரப் பேணிகளுக்குள் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினாள். எறும்பு மொய்த்த தவிட்டை வேலிக்கரையில் கொட்டினாள். மிஞ்சிய புழுக்களைக் கரண்டியால் எடுக்கப்போய் இரண்டு நசிந்தன. கரண்டியை எறிந்துவிட்டு விரலாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் புதுத் தவிட்டில் விட்டாள். முதலில் உடம்பெல்லாம் கூசியது. பிறகு எப்போது கூச்சம் போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து தயாளினி மானிப்பாயில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள், உடம்பு தேறட்டும் என்று. இங்கே சில புழுக்கள் வெள்ளையாய்க் கூனி அசையாமல் கிடந்தன. மறுபடியும் சாகத் தொடங்கிவிட்டன என்று நினைத்து அவற்றை உள்ளங்கையில் சேர்த்து வெளியே கொட்ட வாசல்வரை கொண்டுபோய்விட்டாள். அப்போது ஒன்று வாலைச் சடக்கென்று ஆட்டியது.

"ஐயோ, உயிர் கிடக்கு!"

உடுப்பு எடுக்க வந்திருந்த சுபாஸ்கரன் ஓடிவந்தான். "என்னக்கா?"

"உது சாகேல்லையடா. வேறை ஏதோவா மாறுது!"

கூட்டுப்புழுக்களை வேறு பேசினுக்கு மாற்றினாள். அவற்றிலிருந்து வெள்ளை வண்டுகள் வந்தன. வெள்ளை பழுப்பாகி, பழுப்பு கறுப்பானது. காலையில் தேத்தண்ணி வைக்க முன்னமே அவள் பின் அறைக்குப் போனாள். கோயிலுக்குப் போகும்போதுகூட அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பல வாரங்கள் கழித்துத் தயாளினி மெலிந்துபோய், சுபாஸ்கரனின் கையைப் பிடித்தபடி வந்து இறங்கினாள். நேரே பின் அறைக்குத்தான் போனாள்.

"ஏதும் மிஞ்சிச்சுதே மச்சாள்?"

குணலட்சுமி ஒரு பேசினைத் தூக்கி யன்னலடியில் வைத்தாள். மேலே வெறும் தவிடுதான் தெரிந்தது. தயாளினியின் முகம் வாடியது.

"அவசரப்படாதையும். ஆடாமல் நிண்டு பாரும்."

யன்னல் கதவை அகலத் திறந்தாள். வெயில் பேசினுக்குள் விழுந்தது. வெளிச்சத்துக்குப் பயந்து, வண்டுகளின் முட்டையில் பொரித்த, நூல் துண்டு அளவேயான குஞ்சுப் புழுக்கள் எல்லாம் ஒரேயடியாகக் கீழே இறங்கத் தொடங்கின. தவிடு அசைந்தது. ஒரு மூலையில் அல்ல, பேசின் முழுக்க, காற்றுப் பட்ட குளத்துத் தண்ணீர் போல.