மீட்டர் பொய் சொல்லவில்லை

ஜுமானா அந்தக் காரை என் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வரவில்லை. ஒரு லாரியின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு வந்தாள். லாரியிலிருந்து குதித்தவள் நேராக உள்ளே வந்து சாவியை மேசை மேல் எறிந்தாள். அது சறுக்கிப் போய் என் காபிக் கோப்பையைத் தட்டிவிட்டது.

"கண்ணை மூடிக்கிட்டு வாங்குன்னு சொன்னியே வஜீஹ், மூடிக்கிட்டுதான் வாங்கினேன். இப்ப நீ உன் கண்ணைத் திறந்து பாரு!"

எப்போதும் என்னை, தாஹிரின் அப்பா என்ற பொருளில், 'அபூ தாஹிர்' என்று மரியாதையாகக் கூப்பிடுகிறவள் அவள். எங்கள் திரிப்போலி நகரத்திலிருந்து தின்னிய்யே மலைக் கிராமங்கள் வரைக்கும் பிரசவம் பார்க்கப் போகிற செவிலி. என் இரண்டு மகள்களும் அவள் கையில்தான் பிறந்தார்கள். வசந்த காலத்தில் இந்த வெள்ளைக் காரை வாங்குமுன் என்னிடம்தான் காட்டினாள். மீட்டரில் முப்பத்தோராயிரம் கிலோமீட்டர். விற்றவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சீட்டில் ஒரு கறை இல்லை. இஞ்சினைப் போட்டுப் பத்து நிமிடம் கேட்டேன், சத்தம் பட்டு மாதிரி இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது. "நல்ல வண்டி, எடுத்துக்க" என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு முறை போன் செய்தாள். சைலன்சரில் நீலமாகப் புகை வருகிறது, ஆயில் குறைகிறது என்றாள். "முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு தங்கச்சி, அந்த இஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது" என்று நான் சிரித்தேன்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

"மேட்டுல ஏறும்போது இழுவை போச்சு. புகை மண்டிச்சு. அப்புறம் நின்னுடுச்சு." அவள் மூச்சு வாங்கினாள். "மேல ரிஹாப்னு ஒரு பொண்ணு வலியில கிடந்தா. இருபத்திரெண்டு வயசு. நான் நடந்து, ஆப்பிள் ஏத்துற வண்டியில தொத்தி, போய்ச் சேர ரெண்டு மணி நேரம். குழந்தை வந்துடுச்சு. ரத்தம் நிக்கல. ஆஸ்பத்திரியில கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. ரெண்டு வாரம் ஆகுது. இந்தச் சனியனைத் திரும்பிப் பார்க்கவே எனக்கு மனசு வரல, அங்கேயே ஒரு தோட்டத்துல விட்டுட்டேன். இன்னைக்குக் கொண்டாந்திருக்கேன். ஏன் நின்னுச்சுன்னு எனக்குத் தெரியணும். நான் இங்கேயே நிப்பேன். நீ என் முன்னாடி பாரு."

நான் பானெட்டைத் தூக்கினேன்.

நாலு பிளக்கையும் கழற்றினேன். நாலும் ஆயிலில் நனைந்து, கரி பிடித்துக் கிடந்தன. ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் பார்க்கிற கேஜை மாட்டி இஞ்சினைச் சுழற்றினேன். நூற்றெண்பதை நெருங்க வேண்டிய முள் நூற்றைந்தில் நின்றது. அடுத்தது நூறு. அடுத்ததும் அப்படித்தான். நாலில் ஒன்றுகூட நூற்றுப் பதினைந்தைத் தாண்டவில்லை.

"அப்படின்னா?"

"உள்ள அழுத்தம் நிக்கல. எங்கேயோ ஒழுகுது. வால்வு வழியா இருக்கலாம், பிஸ்டன் ரிங் வழியா இருக்கலாம்."

"இருக்கலாம்னு சொல்றதைக் கேக்க நான் வரல."

ஒரு ஸ்பூன் ஆயிலை முதல் சிலிண்டருக்குள் விட்டேன். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் அந்த இடைவெளியை அடைத்துக்கொள்ளும், முள் ஏறும். வால்வில் கோளாறு என்றால் ஆயில் விட்டும் பயன் இருக்காது. மறுபடி சுழற்றினேன். முள் நூற்றறுபதுக்கு ஏறியது. நாலு சிலிண்டரிலும் அப்படியே.

"ரிங்தான். நாலும் தேஞ்சு போச்சு."

"முப்பத்தோராயிரத்துலயா?"

"மீட்டரைத் திருப்பியிருக்கான் அந்த வாத்தியான்!" என்று கத்தினேன். உண்மையைச் சொன்னால், அப்போது எனக்கு ஒரு நிம்மதி. திட்டுவதற்கு இன்னொருவன் கிடைத்துவிட்டான்.

ஆனால் பெடல் ரப்பரைப் பார்த்தேன், கோடு அழியாமல் இருந்தது. டயர்கள் வண்டியோடு வந்தவை, பாதிகூடத் தேயவில்லை. பிரேக் கட்டையும் அப்படித்தான். ஜுமானா வாங்கும்போது இந்தக் கார் நிஜமாகவே முப்பத்தோராயிரம்தான் ஓடியிருந்தது. மீட்டர் பொய் சொல்லவில்லை. அப்புறம் இஞ்சின் மட்டும் எப்படிக் கிழடாகும்?

பேட்டரியைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அதன் இரண்டு முனையிலும் கனமான கிளிப் கடித்த தழும்பு. பானெட் விளிம்பில் ஒரே இடத்தில் பெயின்ட் உரிந்திருந்தது, அங்கே வெகு காலம் தடிமனான ஒயர் கிடந்திருக்கிறது. கரண்ட் நாளுக்கு இரண்டு மணி நேரம் வந்த வருடத்தை நாங்கள் எல்லோரும் பார்த்தவர்கள்தான். யாரோ இந்தக் காரை நிறுத்தி வைத்து, பேட்டரியிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுத்து, ஜெனரேட்டராக ஓட்டியிருக்கிறார்கள். சக்கரம் சுற்றவில்லை, மீட்டர் நகரவில்லை. இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது.

இதெல்லாம் வாங்குகிற அன்றைக்கே அங்கே இருந்தது. அன்று நான் பானெட்டைத் தூக்கியும் பார்க்கவில்லை.

"வா, போலாம்" என்றாள் ஜுமானா.

காரை விற்ற ஆசிரியர் நதீம் உஸ்தாத் இரண்டாம் மாடி வீட்டில் தனியாக இருந்தார். கதவைத் திறந்ததும் அவளைப் பார்த்தார், என் கையிலிருந்த கரி பிடித்த பிளக்கைப் பார்த்தார். எதற்கு வந்தோம் என்று கேட்கவே இல்லை.

"டி.வி. பாக்கறதுக்கா ஓட்டினீங்க உஸ்தாத்?" என்றேன். "இல்ல ஃபிரிட்ஜுல தர்பூசணி ஜில்லுனு இருக்கணும்னா?"

அவர் முகம் சிவந்துவிட்டது. "வாயை அடக்கிப் பேசு! என் பொண்டாட்டி சுஆத்துக்கு நுரையீரல் போயிடுச்சு. ஆக்ஸிஜன் மெஷின் நின்னா அவ மூச்சு நின்னுடும். தெரு ஜெனரேட்டர்காரன் டீசல் இல்லைன்னு கையை விரிச்சுட்டான். கவர்மென்ட்டு விரிச்ச கையை மடக்கவே இல்ல. நான் என்ன பண்ணணும்? புத்தகத்தால விசிறணுமா? எட்டு மாசம், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் முற்றத்துல ஓட விட்டேன். பெட்ரோல் வரிசையில நின்னு நின்னு என் கால் வீங்கிப்போச்சு. பிப்ரவரியில போயிட்டா."

நான் பிளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மனதுக்குள் கணக்குப் போட்டால் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய தேய்மானம்.

"ஆயில் எப்ப மாத்தினீங்க?"

"அஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவைன்னு புத்தகத்துல போட்டிருக்கு. வண்டி எங்கேயும் போகலையே. எதுக்கு மாத்தணும்?"

அதாவது எட்டு மாதம் ஒரே ஆயில். ஜுமானா அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அல்லா அவங்களுக்கு இரக்கம் காட்டட்டும்" என்றாள். "நான் உங்க இடத்துல இருந்தா நானும் ஓட்டியிருப்பேன், அதுக்கு நான் சண்டைக்கு வரல. விக்கும்போது புகை வந்துச்சா, இல்லையா?"

அவர் கதவின் தாழ்ப்பாளைத் திருகினார்.

"உஸ்தாத், நாற்பது வருஷம் பிள்ளைங்களை எழுப்பி நிக்க வச்சுக் கேள்வி கேட்டவர் நீங்க. இப்ப நீங்க சொல்லுங்க. புகை வந்துச்சா?"

"வந்துச்சு" என்றார். "கெட்டியான ஆயிலை ஊத்தினா கொஞ்ச நாள் தெரியாதுன்னு ஒரு மெக்கானிக் சொன்னான். ஊத்தினேன்."

பட்டு மாதிரி நான் கேட்ட சத்தம் அந்த ஆயிலின் சத்தம்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இஞ்சினைச் சரி பண்ணிட்டு மலை ஏறியிருப்பேன்" என்றாள் அவள். குரல் உடைந்தது, அப்படி உடைந்ததற்கும் சேர்த்து அவளுக்குக் கோபம் வந்தது. ரிஹாபுக்கு என்ன ஆயிற்று என்பதை அவருக்குச் சொன்னாள். அவர், "மன்னிச்சிடும்மா" என்றார்.

"என்கிட்ட எதுக்கு? ரிஹாப்கிட்ட வந்து சொல்லுங்க. சட்டையை மாத்திட்டு வாங்க. ரெண்டு பேரும்தான். வஜீஹ், உன் வண்டியை எடு."

என் பிக்கப்பில் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்து மலை ஏறினோம். ஒன்றரை மணி நேரம்.

ரிஹாப் மெலிந்துபோய், ஜன்னலோரம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மாமியார் எங்களுக்குக் காபி போட அடுப்படிக்குப் போனாள். போகும்போதே, "என்ன செய்யறது, வலி வந்ததும் கூப்பிட்டிருக்கணும். இவ பொறுத்துக்கிட்டுக் கிடந்தா, இப்ப என் மகனுக்கு ஒரு பிள்ளையோட போச்சு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். ரிஹாப் தலையைக் குனிந்துகொண்டாள்.

நதீம் உஸ்தாத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். இஞ்சின் கெட்டது தெரிந்தே விற்றேன், மறைத்து விற்றேன் என்றார். அப்புறம் என் முறை. "சரியாப் பார்க்காமலே நல்ல வண்டின்னு சொன்னேன். புகை வருதுன்னு இவங்க சொன்னப்பவும் சிரிச்சேன்" என்றேன். இருபது வருடத் தொழிலில் இதைவிடக் கனமான எதையும் நான் தூக்கியதில்லை.

ரிஹாப் எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப நான் லேட்டாக் கூப்பிடல?"

"இல்லடி" என்றாள் ஜுமானா. "நீ சரியான நேரத்துலதான் கூப்பிட்டே. வண்டி நிக்காம இருந்தா குழந்தை வர்றதுக்கு முன்னாடியே வந்திருப்பேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது.

"ரெண்டு வாரமா! இந்த வீட்டுல ஒவ்வொரு வேளைச் சோத்தோடவும் எனக்கு அதைத்தானே போட்டாங்க! 'உன்னாலதான், உன்னாலதான்'னு. நானும் நம்பினேனே! உங்களை மன்னிக்கிறதைப் பத்தி அப்புறம் யோசிக்கிறேன். மன்னிக்காமலும் போகலாம். ஆனா இப்ப எனக்குச் சொன்னதை அவங்களுக்குச் சொல்லுங்க. ரெண்டு பேரும். அடுப்படி வரைக்கும் கேக்கணும்."

நதீம் உஸ்தாத் எழுந்தார். கடைசி பெஞ்சு வரைக்கும் எட்டும் குரல் அவருக்கு இன்னும் மிச்சமிருந்தது. "அம்மா, உங்க மருமக மேல தப்பில்ல! கெட்ட வண்டியை வித்தது நான்!" அடுத்து நானும் கத்தினேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மாமியார் காபித் தட்டோடு வாசற்படியில் வந்து நின்றாள். ரிஹாபின் பக்கத்தில் தட்டை வைத்தாள். ரிஹாப் அதைத் தொடவில்லை. நாங்களும் தொடவில்லை.

மறுநாள் இஞ்சினைப் பிரித்தேன். ரிங்குகள் பிஸ்டன் பள்ளங்களில் கரியோடு ஒட்டிக் கிடந்தன. வேலை முடிய மூன்று வாரம் ஆனது. அதுவரை ஜுமானா என் பிக்கப்பில்தான் மலை ஏறினாள். இப்போது அந்தக் காரில் போகிறாள். என்னை மறுபடி 'அபூ தாஹிர்' என்று கூப்பிடுகிறாள், ஆனால் என் பட்டறையில் உட்காருவதில்லை. ஆயில் மாற்ற வந்தால் பக்கத்திலேயே நின்று, கேஜை மாட்டச் சொல்லி, முள்ளைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போகிறாள். பார்க்கட்டும்.