நடுவில் துளை வைத்த லேஸ்

சக்கரம் அசையவில்லை.

பாலக்காட்டிலிருந்து பஸ்ஸிலும் பிறகு ஆட்டோவிலும் உடம்பு குலுங்க வந்து சேர்ந்து, கால் கழுவி, ஒரு டம்ளர் மோர் குடித்த கையோடு திரிபுரசுந்தரி முன்னறைக்கு வந்து தன் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் மகாவின் பட்டு ரவிக்கை. முன்னும் பின்னும் தைத்தாயிற்று. இரண்டு கைகளை மூட்டினால் வேலை முடிந்தது. மகா, பஜாரில் இஞ்சிக் கிடங்கில் தரம் பிரிக்கிறவள், கம்பம் ஊர்க்காரி. அன்று சாயங்காலம் பஸ் ஏறி ஊருக்குப் போகிறாள், தம்பி கல்யாணத்துக்கு. ஐந்து மணிக்கு வந்து வாங்கிக்கொள்வதாகப் பேச்சு. கொச்சி மட்டாஞ்சேரியில் திரிபுரசுந்தரியைவிட நன்றாகத் தைக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் சொன்ன நாளில், சொன்ன மணிக்குக் கொடுக்கிறவள் அவள் ஒருத்திதான் என்று மீன்காரி முதல் டாக்டர் வீட்டுப் பெண் வரை எல்லாருக்கும் தெரியும். இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பெயரை அவள் காப்பாற்றி வைத்திருந்தாள்.

உள்ளங்கையைச் சக்கரத்தில் வைத்து மறுபடி அழுத்தினாள். கை லேசாக ஒட்டிக்கொண்டு வந்தது. அப்போதுதான் மூக்குக்கு வாடை உறைத்தது. வார்னிஷ்.

குனிந்து பார்த்தாள். சக்கரம், ஊசித்தண்டு, துணியை அழுத்துகிற பாதம், அடிநூல் பாபின் இருக்கிற சின்னக் கதவு எல்லாம் ஒரே பூச்சுக்குள், பாகில் தோய்த்து எடுத்த மாதிரி பளபளத்தன. கீழே மிதிபலகைக்கும் மேலே சக்கரத்துக்கும் நடுவே ஓடுகிற தோல் பெல்ட்டைக் காணவில்லை. மேலே நூல்கண்டு மாட்டுகிற கம்பியைக் காணவில்லை. கம்பி இருந்த இடத்தில், அவள் கையாலேயே பின்னிய வெள்ளை லேஸ் வட்டம் பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தது. லேஸின் நடுவில் அவள் வைத்திருந்த துளை வழியாகப் பார்த்தால் மெஷினில் இன்னொரு துளை தெரிந்தது. கம்பியைப் பிடுங்கிய துளை.

அந்தத் துளையில் விரல்நுனியை வைத்துப் பார்த்தாள்.

லேஸை அவள் ஆறு வாரம் பின்னினாள். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஸ்நேஹா ஒரு நாள் போனில் வீடியோ அனுப்பியிருந்தாள். எங்கேயோ குளிர் நாட்டில் ஒரு வெள்ளைக்காரி பழைய கறுப்பு மெஷினுக்கு என்றே குட்டிக்குட்டி லேஸ் பின்னுகிறாள். நூல்கண்டுக்கு அடியில் போட ஒரு சின்ன வட்டம், கம்பி நுழைய நடுவில் துளை. கண்டு பெயிண்டில் உரசாது, வழுக்கிக்கொண்டு சுற்றும். திரிபுரசுந்தரி அந்த இடத்தில் இத்தனை வருஷமாகப் பழைய கம்பளித் துணியை வட்டமாக வெட்டித்தான் போட்டிருந்தாள். இப்படியும் போடலாமா என்று ஆசை வந்துவிட்டது. பஜாரில் வெள்ளை நூல் வாங்கி, கல்யாணத்துக்கு முன்னால் தொட்ட குரோஷா ஊசியைத் தேடி எடுத்து உட்கார்ந்தாள். முதல் வட்டம் கிண்ணம் மாதிரி சுருண்டுகொண்டது. இரண்டாவதில் துளை பெரிதாகிக் கம்பியில் லொடலொடவென்று ஆடியது. ஆறு சங்கிலி போட்டு இணைத்தால் துளை சரியாக வருகிறது என்று நாலாவதில் பிடிபட்டது. பிறகு கை நிற்கவில்லை. பாபின் சுற்றுகிற இடத்துக்கு ஒன்று, மெஷின் தலைக்குப் பிறைபோல ஒன்று, இழுப்பறைக்கு முன்னால் தொங்க ஒரு வரிசை. பின்னாத நேரத்திலும் குரோஷா ஊசி அவள் கொண்டையிலேயே செருகியிருக்கும்.

அவள் பின்னும்போதெல்லாம் கணவர் விஸ்வநாதன் பக்கத்தில் வந்து நின்றார். வெலிங்டன் தீவில் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்துவிட்டு ஓய்வு பெற்றவர். அத்தனை வருஷத்தில் அவள் தைத்த ஒரு துணியைக்கூட நிமிர்ந்து பார்க்காத மனுஷர், "நன்னா இருக்கே, கலையாக்கும் இது" என்றார். அவளும் நம்பினாள். அதுதான் இப்போது தாங்கவில்லை. முன்னறையையும் மாடியையும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறோம் என்று முடிவானபோது, இந்த மெஷின் முன்னறையிலேயே இருக்கட்டும், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று அவர் சொன்னதற்கு எவ்வளவு சந்தோஷப்பட்டாள்! பாலக்காட்டில் தங்கை மகளின் சீமந்தத்துக்குக் கிளம்பும்போது லேஸையெல்லாம் கஞ்சி போட்டுத் தேய்த்து, மடித்து, மெஷின் மேல் வைத்துவிட்டுத்தானே போனாள். தன் மெஷினைக் கொல்லப்போகிறவர்களுக்குத் தானே உட்கார்ந்து பூமாலை கட்டிக் கொடுத்திருக்கிறாள். மடச்சி.

"ஏன்னா!" என்று கத்தினாள்.

விஸ்வநாதன் வாசலில் பெயர்ப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியோடு உள்ளே வந்தார். முகத்தில் சிரிப்பு.

"பார்த்தியா? எப்படி இருக்கு? யூதத் தெருல, ஜூ டவுன்ல, பழைய சாமான் விக்கற கடைலகூட இத்தனை ஜோரா ஒரு மெஷின் இல்லை."

"என்ன பண்ணி வெச்சிருக்கேள் இதை?"

"தேஷ்யப்படாதே, கோவம் எதுக்கு? வரவா கையை வெச்சுச் சுத்துவா, கொழந்தைகள் விரலை விட்டுடும். அதாக்கும் எல்லாத்தையும் ஃபிக்ஸ் பண்ணச் சொன்னேன். ஒனக்குப் புதுசு வாங்கி அடுக்களைப் பின்னாடி வெச்சிருக்கேன். கரண்ட்ல ஓடும். கால் வலிக்காது."

"எனக்குக் கால் வலிக்கறதுன்னு நான் எப்போ சொன்னேன்?"

அவர் கையிலிருந்த துணியை உதறி மடித்தார். அவள் சொன்னதே இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

"ஒரு வாக்கு கேட்டேளா என்னண்ட? நாலு நாள் நான் இல்லாத நேரம் பார்த்து..."

"சர்ப்ரைஸா இருக்கட்டும்னு ஸ்நேஹா சொன்னா."

"ஒங்க ஸ்கூட்டர் எஞ்சினுக்குள்ள நான் வார்னிஷை ஊத்தி, வாசல்ல நிறுத்தி, மேல பூப்போட்ட உறை பின்னிப் போடறேன். சர்ப்ரைஸா இருக்கட்டும். பேசாம இருப்பேளா?"

"ரெண்டும் ஒண்ணா?" என்றார் விஸ்வநாதன். உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். அந்தப் புரியாமையை எடுத்துத் தரையில் அடிக்க முடிந்தால் அவள் அடித்திருப்பாள். கெட்ட எண்ணத்தோடு செய்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். இவர் நல்லது செய்ததாக நினைத்துக்கொண்டு, நன்றிக்காகக் காத்து நிற்கிறார்.

அடுக்களைப் பின்னால் காஸ் சிலிண்டருக்கும் அரிசி டின்னுக்கும் நடுவில் ஒரு ஸ்டூலின் மேல் அந்தப் புது மெஷின் இருந்தது. வெளிர் பச்சை பிளாஸ்டிக். திரிபுரசுந்தரி பிடிவாதக்காரிதான், ஆனால் ஐந்து மணி அவளுக்குப் பிடிவாதத்தைவிடப் பெரியது. உட்கார்ந்து, நூல் கோத்து, முதலில் ஒரு துண்டுத் துணியில் ஓட்டினாள். ஓடியது. பட்டும் ஜரிகையும் உள்துணியுமாக மூன்று மடிப்பு வந்ததும் முக்கியது, குதித்தது, அடியில் நூலைக் கொத்தாகச் சுருட்டிக்கொண்டு நின்றது. பட்டில் ஊசி குத்திய தடம் ஒன்று விழுந்துவிட்டது. நல்லவேளை, மடிப்புக்கு உள்பக்கம். அவள் ஒவ்வொரு நூலாக அறுத்துத் துணியை விடுவித்தாள்.

பின்வாசல் கதவைத் திறந்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. முன்வாசலில் ஒட்டுவதற்காக எழுதி, மை காயட்டும் என்று நாற்காலியில் வைத்திருந்த அட்டை. லீவில் வந்திருந்த ஸ்நேஹாவின் அழகான மலையாளக் கையெழுத்து. தையல் வேலைக்கு வருகிறவர்கள் சந்து வழியாகப் பின்வாசலுக்கு வரவும். மெஷினோடு முடியவில்லை. அவளைத் தேடி வருகிறவர்களுக்கும் வார்னிஷ் அடித்தாயிற்று.

சந்தில் பெயிண்டர் ஒச்சப்பன் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தான். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், கொச்சிக்கு வந்து பத்து வருஷம். அவன் மகளுடைய பள்ளிக்கூட யூனிஃபார்ம் இவள் தைத்ததுதான்.

"ஒச்சப்பா, அந்த மெஷினுக்கு நீதானே அடிச்சே?"

அவன் எழுந்து நின்றான். "ஆமாம்மா. நான் கேட்டேன், சக்கரத்துக்கும் அடிக்கணுமான்னு. ஊசிக்குமான்னு ரெண்டு வாட்டி கேட்டேம்மா. எல்லாத்துக்கும் அடின்னாரு சாரு."

"அந்தக் கம்பி?"

"அது நாந்தான் பிடுங்குனேன்." தலையைக் குனிந்துகொண்டான். "பெல்ட்டு குப்பையோட போயிருச்சு."

"பெயிண்ட் கரைக்கற தின்னர் இருக்கா?"

"இருக்கு. ஆனா தின்னர் போட்டா வார்னிஷோட நிக்காதும்மா. மெஷின் மேல எழுதியிருக்கிற அந்தத் தங்கப் பூவு, மயிலு, எல்லாம் கையோட வந்துரும். அப்புறம் வெறும் இரும்புதான்."

தங்கப் பூவையும் மயிலையும் அவளுக்குத் தெரியாதா? கல்யாணமாகி வந்த புதிதில், தைத்து முடித்து மெஷினைத் துடைக்கும்போது அந்த மயிலின் கழுத்தை மட்டும் தனியாக இரண்டு தரம் துடைப்பாள். அந்த வீட்டில் அவளுக்கென்று இருந்த அழகு அது ஒன்றுதான்.

"டின்னைக் கொடு" என்றாள்.

துடைக்கத் துணி வேண்டும். அடுக்களையில் பழந்துணி எவ்வளவோ இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. முன்னறைக்குப் போய், மெஷின் தலையில் விரித்திருந்த பிறை லேஸை எடுத்தாள். ஆறு வாரத்தில் பதினோரு நாள் அதற்கே போயிருந்தது. நாலாக மடித்துத் தின்னரில் முக்கி, சக்கரத்தின் அச்சில் வைத்து அழுத்தினாள். லேஸின் இடுக்குகளில் பழுப்பாக ஒரு கூழ் ஏறியது. சொரசொரப்பாக இருந்ததால் நன்றாகவே தேய்ந்தது. இத்தனை நாளில் அந்த லேஸ் உருப்படியாக ஒரு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாகத் தேய்த்தாள்.

வாடை வீடு முழுக்க ஏறியது. ஸ்நேஹா மாடியிலிருந்து ஓடி வந்தாள். "அம்மா! எந்தா இது? நாலரைக்கு கெஸ்ட் வரா! போட்டோ எல்லாம் போட்டாச்சு, இந்த மெஷினைப் பார்த்துதான் அவா புக் பண்ணினா. இப்போ சீன் ஆக்காதேம்மா, ப்ளீஸ்."

"போட்டோல இருக்கறதை அவா போட்டோல பார்த்துக்கட்டும்."

"ஒன்னோட லேஸ்மா அது! எத்தனை க்யூட்டா பின்னினே!"

"ஆமா. நான் பின்னினது. அதாக்கும் நான் எடுத்தது."

விஸ்வநாதன் ஜன்னல்களைத் திறந்துவிட்டார், மின்விசிறியைப் போட்டார், ஊதுபத்தி ஏற்றப் போனவரைத் தின்னர் டின்னைக் காட்டி ஒச்சப்பன் தடுத்தான். "மதி, திரிபுரா, போதும், மதி" என்று அவர் இரண்டு தரம் சொன்னார். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பல வருஷம் இருக்கும். அவள் காதில் விழுந்தது, கை நிற்கவில்லை. பிறை லேஸ் கறுத்துப்போனதும் வரிசை லேஸை எடுத்தாள். ஊசித்தண்டில் எண்ணெய் விட்டாள். பாபின் கதவைக் கத்தி முனையால் நெம்பித் திறந்தாள். மயில் முதலில் வாலை இழந்தது, பிறகு கழுத்தை. அழுதால் வீட்டில் எல்லாரும் நிம்மதியாகிவிடுவார்கள், சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவார்கள். அதனால் அழவில்லை.

நாலே முக்காலுக்கு வாசலில் டாக்ஸி வந்து நின்றது. உயரமாக ஒரு வெள்ளைக்காரத் தம்பதி, நாலு பெட்டிகள். விஸ்வநாதன் ஓடினார்.

அதே நேரம் சக்கரம் முனகியது. அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஒரு விரற்கடை நகர்ந்தது. மறுபடி எண்ணெய், மறுபடி இழுப்பு. ஊசி ஒரு நெல் அளவு கீழே இறங்கியது.

ஒட்டியிருந்த சின்ன வட்டத்தை மட்டும் அவள் விட்டுவைத்திருந்தாள். தலைமுடியில் செருகியிருந்த குரோஷா ஊசியை உருவி, வட்டத்தின் துளை வழியாக, மெஷினின் துளைக்குள் இறக்கினாள். கொஞ்சம் சாய்ந்து நின்றது, ஆனால் நின்றது. அதில் சிவப்பு நூல்கண்டை மாட்டினாள்.

வெள்ளைக்காரி வாசற்படியிலேயே நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள். விஸ்வநாதன் சட்டென்று குரலை மாற்றிக்கொண்டு இங்கிலீஷில் சொன்னார், தன் மனைவிதான், விருந்தாளிகளுக்காகத் தைத்துக் காட்டுகிறாள் என்று. ஸ்நேஹா தரையைப் பார்த்தாள்.

திரிபுரசுந்தரி நிமிர்ந்தாள். ஆனால் அவள் பார்த்தது அவர்களை அல்ல, அவர்களுக்குப் பின்னால் தெருவில் தோளில் பையோடு நின்ற மகாவை. பெட்டிகளையும் டாக்ஸியையும் வெள்ளைக்காரர்களையும் பார்த்துவிட்டு மகா சந்துப் பக்கம் ஒதுங்கப் போனாள்.

"மகா! அங்க எங்க போறே? இப்படி வா!"

"ஆள் வந்திருக்காங்களேம்மா. நான் பின்னாடி..."

"பின்னாடி என்ன இருக்கு? வாசல் இதாக்கும். வா உள்ளே. ரெண்டு கைதான் பாக்கி, பஸ்ஸுக்கு முன்னே ஆயிடும்."

மகா செருப்பை விட்டுவிட்டு, நாலு பெட்டிகளுக்கு நடுவே வழி பார்த்து, இஞ்சி மண் ஒட்டிய காலோடு ஏறி வந்தாள். விருந்தாளிகளுக்கென்று வெள்ளை உறை போட்டிருந்த சோபாவைக் காட்டி, "உட்காரு" என்றாள் திரிபுரசுந்தரி. மகா நுனியில் உட்கார்ந்தாள்.

பெல்ட் இல்லாததால் வலது கையால் சக்கரத்தைச் சுற்றி, இடது கையால் பட்டைப் பிடித்துக்கொண்டாள். கையெல்லாம் கறுப்பு; துணியில் படாமல் இரண்டு விரல் நுனியால் மட்டும் தள்ளினாள். ஊசி இறங்கியது, ஏறியது. ஒரு தையல் விழுந்தது. காலடியில் கறுத்துக் கிடந்த லேஸில் மயிலின் தங்கம் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. மேலே குரோஷா ஊசியில், வெள்ளை வட்டத்தின் மேல், நூல்கண்டு கால் சுற்று திரும்பி நின்றது. பிறகு இன்னொரு கால் சுற்று.