ஐம்பத்திரண்டு அங்குலம்

வேதாந்தம் சாரும் அவர் மனைவியும் வருவதற்குள் சிவப்பைச் சரிசெய்துவிட வேண்டும் என்று கேசவன் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்த பெரிய திரையில் படம் எதுவும் இல்லை. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக் கட்டம் கட்டமாக நின்றன. வலது கீழ்மூலையில் மட்டும் ஒவ்வொரு வெள்ளைக் கோட்டுக்கும் பக்கத்தில் மெலிதாக ஒரு சிவப்புக் கோடு ஒட்டியும் ஒட்டாமலும் வந்தது. ரிமோட்டை அழுத்தினால் அந்தச் சிவப்பு ஒரு மயிரிழை நகரும். இரண்டு அழுத்து மேலே, ஒன்று இடப்பக்கம். மூலை சரியானால் அதற்குப் பக்கத்துக் கட்டம் கெடும். இரவுப் பணி முடித்து வந்து தூங்காத கண்ணுக்கு எல்லாமே இரட்டையாகத் தெரிந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது பீரோ அளவுக்கு ஒரு டிவி, அவ்வளவுதான். உள்ளே நடப்பது வேறு. சாதாரண டிவியில் நாம் பார்ப்பது படக்குழாயின் முகத்தை. இதில் பெட்டியின் அடியில் மூன்று சின்னக் குழாய்கள் இருக்கின்றன. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று நீலம். ஒவ்வொன்றும் தன் நிறத்தில் ஒரு முழுப் படத்தை வரைந்து, தலையில் இருக்கும் லென்ஸ் வழியாகப் பின்னாலுள்ள கண்ணாடியின் மேல் எறிகிறது. கண்ணாடி அதைத் திருப்பித் திரையின் முதுகில் அடிக்கிறது. மூன்று படமும் ஒன்றின் மேல் ஒன்று பிசகாமல் விழுந்தால்தான் மனிதனுக்கு ஒரு மூக்கு. பச்சைதான் ஆதாரம். சிவப்பும் நீலமும் பச்சையைப் பார்த்து வரிசையில் நிற்க வேண்டும். சூடு ஏறினால் வரிசை கலையும். பெட்டியைக் கிழக்கிலிருந்து தெற்கே திருப்பி வைத்தால், பூமியின் காந்தம் இழுத்தும் கலையும். இதைச் சொல்லும்போது கேசவனுக்கு இப்போதும் குரல் உயர்ந்துவிடும். கேட்பவர்கள் கொட்டாவியை விழுங்குவார்கள்.

"யாரு வந்தாலும் நான் ஜன்னல சாத்திக்கினு வேர்வையில குளிக்கணும்," என்றாள் அவர் மனைவி சியாமளா, திரைச்சீலையை இழுத்துவிட்டபடி. வெளிச்சம் இருந்தால் படம் வெளுத்துப்போகும். "இது இன்னா டிவியா, பச்ச ஒடம்புக்காரியா? வெளிச்சம் ஆவாது, காத்து ஆவாது."

அணு ஆலை ஊழியர்களின் குடியிருப்பான அணுபுரத்தில் யாரும் நேராகக் கடைக்குப் போய் ஒரு பொருளை வாங்கிவிடுவதில்லை. துணி துவைக்கும் இயந்திரமோ ஸ்கூட்டரோ, முதலில் அதை வைத்திருப்பவர் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் குடும்பத்தோடு போக வேண்டும். காபி சாப்பிட்டபடி பொருளைச் சுற்றி வந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்க வேண்டும். வைத்திருப்பவர், "நல்லா இருக்கு," என்பார். பாதிப் பேர் விஞ்ஞானிகள், மீதிப் பேர் பொறியாளர்கள். ஆலையில் ஒரு வால்வை மாற்றுவதற்கு ஆறு பேரிடம் கையெழுத்து வாங்குகிறவர்கள். இந்த ஒரு சோதனையில் மட்டும் முடிவு எப்போதும் ஒன்றுதான் வரும் என்பதை யாரும் கவனித்ததில்லை. வாங்கியவன் வாயால் குறை வராது.

கேசவனும் இரண்டு வருடத்துக்கு முன் எதிர் பிளாக் தர்மராஜ் வீட்டில் இப்படித்தான் காபி குடித்தார். "தியேட்டரே வூட்டுக்குள்ள வந்த மாதிரி கீது அண்ணாத்த," என்றான் தர்மராஜ். செங்கல்பட்டிலிருந்து லாரியில் வந்த பெட்டிக்காகக் கேசவன் வாசல் கதவைக் கழற்றி உள்ளே ஏற்றிய பிறகுதான், கடல்காற்றில் உள்ளிருக்கும் கண்ணாடி மங்குகிறது, லென்ஸுக்குள் பாசி மாதிரி ஏதோ படர்கிறது என்றெல்லாம் சொன்னான். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ஆசையா வந்தவனிடம் எப்படிச் சொல்வது என்றான். அதன்பின் கேசவனிடம் கருத்துக் கேட்டு மூன்று குடும்பங்கள் வந்து போயின. மூன்று குடும்பமும் வாங்கின.

வேதாந்தம் சார் விஷயம் அப்படிப்பட்டதில்லை. அவர் ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. மனைவி ரமா திருக்கழுக்குன்றத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். முதலில் அவருடைய இடது கண்ணில் நடுப்பார்வை போயிற்று. விழித்திரையின் மையத்தில் கசிவு என்றார்கள். ஓரங்கள் தெரியும், பார்க்கிற இடம் மட்டும் தெரியாது. லேசர் வைத்தும் நிற்கவில்லை. இப்போது வலது கண்ணிலும் அது ஆரம்பித்திருந்தது. வேலையை விட்டாயிற்று, பத்திரிகையை விட்டாயிற்று, டிவியைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆலைப் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேதாந்தம் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். எட்டடி தூரத்தில் இருபத்தோரு அங்குலத்தில் ஒரு முகம் கண்ணில் பிடிக்கும் கோணம் இவ்வளவு. ஐம்பத்திரண்டில் இரண்டரை மடங்கு. கெட்டுப்போன இடத்தைவிட முகம் பெரிதாகிவிட்டால் மிச்சமிருக்கும் இடத்தால் பார்த்துவிடலாம். கணக்கில் தப்பில்லை. இந்தத் திரை மங்கலானது, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இன்னும் மங்கல் என்று கேசவன் அப்போதே சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் சார் என்றுதான் வாயில் வந்தது.

அவர்கள் வந்தார்கள். ரமா வாசல் நிலையைத் தொட்டுக்கொண்டு உள்ளே வந்து, சியாமளாவின் குரல் வந்த பக்கம் பார்த்துச் சிரித்தார். சியாமளா டம்ளரை அவர் விரல்கள் நன்றாகப் பற்றும்வரை விடவில்லை. நடு நாற்காலியில் அவரை உட்கார வைத்தார்கள். கேசவன் பாட்டு நிகழ்ச்சி ஒன்றைப் போட்டார். ரமா யாரோ பக்கத்திலிருந்து கூப்பிட்டதுபோல முகத்தைச் சற்றுத் திருப்பி, ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிதாக இருக்கிறது என்றார். பாடுவது ஆணா பெண்ணா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை.

கண்ணாடி எந்தச் சாய்வில் இருக்கிறது என்று பார்க்க வேதாந்தம் டார்ச்சை வாங்கிக்கொண்டு பெட்டியின் பின்பக்கம் போய்க் குனிந்தார். அவர் கேட்கக் கேட்கக் கேசவனுக்கு உற்சாகம் ஏறியது. மூன்று நிறமும் எப்படி ஒன்றாகச் சேர்கின்றன என்று காட்டக் கட்டத்தைத் திரையில் வரவழைத்தார். மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து நேராக்கிய கோடுகள். ஒன்றில்கூட நிறம் பிரியவில்லை.

ரமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நடுவுல வளையறதே."

கேசவனுக்கு முகம் சூடாகிவிட்டது. அவர் பார்த்தவரை வளையவில்லை. ஆனால் நாள்பூராவும் இதையே பார்த்த கண்ணை எப்படி நம்புவது? எங்கே என்று கேட்டபடியே ரிமோட்டை அழுத்திக் கோடுகளைத் திருத்தும் அமைப்புக்குள் நுழைந்துவிட்டார். "அது வந்து..." என்று ரமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நடுக்கட்டத்தில் பச்சைக் கோடு மட்டும் பிரிந்து ஒரு மயிரிழை கீழே இறங்கியது.

"நகர்றது," என்றார் ரமா. சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் கீழ."

பச்சையை இறக்கி, சிவப்பையும் நீலத்தையும் அதன் பின்னால் கூட்டிவந்தார் கேசவன். அடுத்த கட்டம். அதற்கடுத்தது. சியாமளா தோளருகே குனிந்து, லைன் நல்லாத்தானே இருந்துச்சு, ஏன் கெடுக்கற என்றாள். அப்போதுதான் அவர் ரிமோட்டை இறக்கிவிட்டுத் திரையைத் திரையாகப் பார்த்தார். நேராக இருந்த கோடுகள் நடுவில் குழிந்திருந்தன. ரமாவோ திரையின் மையப்புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டு, "இப்ப தேவலை," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

டார்ச்சோடு எழுந்து வந்த வேதாந்தம் இதைப் பார்த்துவிட்டார். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "டாக்டர் இதே மாதிரி கட்டம் போட்ட தாள்தான் குடுத்திருக்கார். தினம் காலம்பற பாக்கறா," என்றார். அவர் குரல் மாறியிருந்தது. "கேசவன், இவ கண்ணு எப்படி வளைக்கறதோ, அதுக்கு எதிர்த்தாப்ல நாம வளைச்சுட்டா?"

அதன்பிறகு இரண்டு ஆண்களும் ஆலையில் கருவி ஒன்றைத் தரப்படுத்துவதுபோல வேலையில் இறங்கிவிட்டார்கள். ரமாவை அசையாமல் மையத்தையே பார்க்கச் சொன்னார்கள். அவர் மேல, கீழ, போதும், இடப்பக்கம் ஒரு துளி என்றார். வகுப்பில் கரும்பலகைக்கு முன் பையன்களை நிறுத்தித் திருத்துகிற குரல் அது. வேதாந்தம் சிரித்தேவிட்டார். மூடிய அறையில் எல்லோருக்கும் வியர்த்தது. காபி ஆறி ஏடு படர்ந்தது. சியாமளா ஒரு விசிறியை எடுத்து ரமாவுக்குப் பின்னால் நின்று வீசினாள். சீக்கிரம் முடிங்க என்று அவள் சொல்லாதது கேசவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடைசியில், "நேரா இருக்கு," என்றார் ரமா. "எல்லாமே நேரா இருக்கு."

கேசவன் செய்திக்கு மாற்றினார். செய்தி வாசிப்பவளின் முகம் மற்ற மூவருக்கும் மூக்குக்கு மேலே நசுங்கித் தெரிந்தது. ரமா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கண்ணிலிருந்து வாய்க்கு, வாயிலிருந்து கீழே ஓடும் எழுத்துக்கு, எல்லோரும் பார்ப்பதுபோல அவர் பார்வையும் இறங்கியது.

"போயிடுத்து," என்றார்.

கேசவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததைச் சொல்லாமல் இருக்கத் தெரியாத மனிதர் அவர். "சார், கோணல் திரையில இல்ல. கண்ணுல இருக்குது. கண்ணு போற எடத்துக்கெல்லாம் அதுவும் கூடவே போவும். நாம வளைச்சது வளைச்ச எடத்துலயேதான் நிக்கும்."

"தெரியும்," என்றார் வேதாந்தம். தெரிந்துதான் இருக்க வேண்டும். முப்பது வருடம் ஒளியை அளந்தவர். டார்ச்சை அணைக்க மறந்து கையில் பிடித்திருந்தார். அது தரையில் ஒரு வட்டத்தைப் போட்டுக்கொண்டிருந்தது. நடுவில் மட்டும் பார்த்தால் போதும் என்றால் பரவாயில்லையே என்று தொடங்கி, அதை முடிக்காமல் விட்டார். பிறகு ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் எல்லோரும் கேட்பதைக் கேட்டார். "நீங்க வச்சிண்டிருக்கேள். உங்க அபிப்ராயம் என்ன? வாங்கலாமா?"

"வேணாம் சார்," என்றார் கேசவன்.

சியாமளாவின் விசிறி நின்றது.

"மங்கலான டிவி சார் இது. நேரா உக்காந்தாத்தான் தெரியும். சியாமளா உக்கார்ற மூலையிலேர்ந்து பாத்தா பாதிகூடத் தெரியாது. இத வாங்கினதுலேர்ந்து அவ அங்கதான் உக்காந்துகினு இருக்கறா."

"ரெண்டு வருஷம் கழிச்சு இன்னிக்காவது சொன்னாரே," என்றாள் சியாமளா ரமாவிடம். ரமா சிரித்தார். கையைப் பின்னால் நீட்டித் துழாவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கேசவன், கலைக்கறதுக்கு முன்னாடி அந்தக் கட்டத்தை இன்னொரு தடவை போடுங்கோ," என்றார். "நான் கண்ணை அசைக்கல. நேர்கோடு பாத்து நாளாச்சு."

கேசவன் போட்டார். ரமா மையத்தில் பார்வையை நிறுத்தினார். இமைக்காமல் இருந்ததில் கண்ணில் நீர் கட்டியது. அதைத் துடைக்கவும் இல்லை. செய்தி மறைந்து அறையில் அந்த வெள்ளைக் கோடுகளின் வெளிச்சம் மட்டும் இருந்தது.

வேதாந்தம் அதுவரை அந்தக் கட்டத்தை ஒரு வேலையாகத்தான் பார்த்திருந்தார். இப்போது வேலை முடிந்துவிட்டது. ஓரங்களில் ஒழுங்காகக் கிளம்பும் கோடுகள் நடுவுக்கு வர வரத் தளர்ந்து, கனமான ஏதோ ஒன்றைச் சுமப்பதுபோல இறங்கி, குழியின் அடியில் ஒன்றோடொன்று நெருங்கி, மறுபக்கம் சிரமப்பட்டு ஏறின. ரமாவின் கண் வளைப்பதற்கு இது திசைதான் மாற்று. அளவு அதே அளவு.

"இவ்வளவா, ரமா?" என்றார். "தினம் கேக்கறப்போ லேசான்னுதானே சொல்லுவே."

"ஆமா," என்றார் ரமா, கண்ணை எடுக்காமல்.

வேதாந்தம் திரையின் ஓரமாகப் போய்த் தரையில் மண்டியிட்டார். திரையைத் தொட்டால் கீறல் விழும், யாரையும் கேசவன் தொட விட்டதில்லை. இப்போது தடுக்கவில்லை. வேதாந்தம் நடுக்கோட்டின் இடது முனையில் விரலை வைத்து, அது போகிற வழியிலேயே மெல்ல நகர்த்தினார். வெளிச்சத்துக்கு எதிரில் கறுத்துத் தெரிந்த விரல் சரிவில் இறங்கியது, அடியில் சற்று நின்றது, பிறகு ஏறத் தொடங்கியது. ரமா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த விரல் நேராகப் போய்க்கொண்டிருந்தது.