ஒரே சுவரில் மூன்று கை

...புதன்கிழமையா, புதன்கிழமை எப்படி, நமக்கு வகுப்பு சனிக்கிழமைதானே, என்று கேட்க வாயெடுத்ததும், சாவிக்காரப் பெண்மணியின் வெள்ளந்தியான முகத்தைப் பார்த்ததும், கேள்வியை அப்படியே விழுங்கியதும் எல்லாம் ஒரு நொடிக்குள் நடந்து முடிந்துவிட்டது, இப்போது இடுப்பளவு தண்ணீரில் மிதவைப் பலகையை அணைத்துக்கொண்டு நிற்கிற அவளுக்கு அந்த நொடி மட்டும் முடியவே மாட்டேன் என்கிறது. வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து நேராக வந்ததில் இன்றைக்குத் தாமதம், அவரும் மகளும் முன்னாலேயே குளத்தில் இறங்கிவிட்டார்கள், உடை மாற்றும் அறையில் அவள் தனியாக அலமாரிச் சாவிக்குக் கை நீட்டியபோதுதான் அந்தப் பெண்மணி மேசைக்கு அடியிலிருந்து நீச்சல் கண்ணாடியை எடுத்தாள். "உங்க பொண்ணு புதன்கிழமை இதை மறந்துட்டுப் போயிடுச்சுங்க, பத்திரமா எடுத்து வச்சேன்." அதோடு விட்டிருக்கக்கூடாதா? "அப்பாவும் பொண்ணும் என்னமா நீந்துறாங்க! அந்த ஆழப் பக்கத்துல ரெண்டு பேரும் போட்டி போட்டுக்கிட்டு, பாக்கவே ஆசையா இருக்கு. நீங்களும் கூட வரலாம்ல?" அதற்கு அவள் என்ன சொன்னாள்? எல்லாம் தெரிந்தவள்போல, "புதன்கிழமை எனக்குக் கடை இருக்குங்க" என்றாள். சிரிக்கவும் செய்தாள். யாருடைய மானத்தைக் காப்பாற்ற அந்தச் சிரிப்பு? அவருடையதையா, தன்னுடையதையா? வேறு யாருடைய கண்ணாடியோ என்று நினைக்கவும் வழியில்லை, மகளுக்குக் கிட்டப்பார்வை, கண் மட்டும் அப்படியே அம்மாவைக் கொண்டது, அதே பவர், இந்தக் கண்ணாடிக்குள் பவர் வில்லைகளைப் பொருத்தியது அவளே, கொக்கி உடைந்தபோது ஆரஞ்சு வாரில் முடிச்சுப் போட்டதும் அவளே. தோழி வீட்டில் விட்டுவிட்டேன் என்று மகள் சொன்னாளே, சாப்பிட்டுக்கொண்டே, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்... அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா?

அந்தக் கண்ணாடியைத்தான் இப்போது அவள் போட்டுக்கொண்டு நிற்கிறாள். தன்னுடையது பைக்குள் கிடக்கிறது. வேண்டுமென்றேதான். அம்மாவின் முகத்தில் தன் கண்ணாடியைப் பார்த்து மகள் திருதிருவென்று முழிக்கட்டும், அவள் அப்பாவும் முழிக்கட்டும். ஆனால் யார் முழித்தார்கள்? கண்ணாடி இல்லாமல் மகளுக்குக் கையெட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாம் கலங்கல், அங்கிருந்து ஈரக் கையை ஆட்டி, "வாம்மா, ஏன் லேட்டு?" என்று கத்துகிறாள். அவருக்கோ பார்வையில் ஒரு குறையும் இல்லை, ஆனால் மனைவியின் முகத்தில் என்ன புதிதாக இருக்கிறது என்று கவனித்துப் பார்க்கும் வழக்கம் எப்போது இருந்தது? புது மூக்குக்கண்ணாடி மாற்றி ஒரு வாரம் கழித்து, "ஏதோ மாதிரி இருக்கியே, தூங்கலியா?" என்று கேட்ட மனிதர். இதோ, தலையைத் தண்ணீரில் அமுக்கி, கையைக் காலை உதைத்து, வாரா வாரம் செய்வதைப் போலவே செய்து, மூக்கில் தண்ணீர் ஏறியதுபோல் தும்மி, "அய்யோ செத்தேன், இது நமக்கு ஆகாது சாமி" என்கிறார். அடப்பாவி மனுஷா! எவ்வளவு தத்ரூபம்! லிஃப்ட் ரிப்பேர் பண்ணப் போய்விட்டீர்களே, நடிக்கப் போயிருக்கலாமே. அவளும் வாரா வாரம் கரையோரமாக நின்று, பரவாயில்லைங்க, அடுத்த வாரம் வந்துடும், பயப்படாதீங்க, என்று முதுகைத் தட்டிக் கொடுத்தாளே. அதைவிட, அதைவிடப் பெரிய கூத்து, மகளுக்கு மூச்சு விடச் சொல்லிக் கொடுத்தாளே, இப்படி வாயால் இழு கண்ணு, தண்ணிக்குள்ள மூக்கால விடு, அவசரப்படாதே... மகளும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாளே, ஆழப் பக்கத்தில் அப்பாவோடு போட்டி போடுகிறவள்! நினைக்க நினைக்க உடம்பு கூசியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். தலையாட்டினாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

இத்தனைக்கும் இந்த யோசனை யாருடையது? அவளுடையது. அவர் எந்த நேரத்தில் எந்தக் கட்டடத்தில் தொங்குவார் என்று சொல்ல முடியாது, மகள் அறைக் கதவைச் சாத்தினால் சாத்தினதுதான், அவள் கடையைப் பூட்டிவிட்டு வருவதற்குள் இரண்டு பேரும் தனித்தனியாகச் சாப்பிட்டுத் தனித்தனியாகத் தட்டைக் கழுவியிருப்பார்கள், சுத்தமான சமையலறையைப் பார்த்து ஒருத்திக்கு அழுகை வரும் என்றால் யார் நம்புவார்கள்? ஒரு நாள் சாப்பாட்டு மேசையிலிருந்து, சோறு போடட்டுமா என்று கேட்டாள், அடுத்த அறையிலிருந்து மகளின் பதில் செல்போனில் வந்தது, வேண்டாம் என்று ஒரு வார்த்தை, கூடவே ஒரு சிரிக்கும் பொம்மை. மறுநாள் காலையில் இரண்டு பேரையும் பிடித்து உட்கார வைத்துச் சொன்னாள், நாம மூணு பேரும் சேர்ந்து ஏதாவது ஒண்ணைக் கத்துக்கணும், மூணு பேருக்கும் ஒரே இலக்கு இருக்கணும். அவர் சைக்கிள் என்றார், அவருக்குத்தான் அது தெரியுமே. மகள் கிடார் என்றாள், அவள் ஏற்கெனவே பாதி கற்றவள். இரண்டுக்கும் இவள் மாட்டேன் என்றாள். மூணு பேருக்குமே தெரியாததா இருக்கணும், மூணு பேரும் ஒண்ணா முட்டாளா ஆரம்பிக்கணும். அப்படித்தான் நீச்சல் முடிவாயிற்று. ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று அவர்கள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? அவர் அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்த கதைதான். முதல் நாளே மதில் சுவரில் இடித்தாள், அதை அவர் எத்தனை விருந்தில், எத்தனை சொந்தக்காரர் முன்னால் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், சுவர்தான் குறுக்கே வந்துச்சாம், சுவர்தான் ஹாரன் அடிக்கலையாம்... எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், அதோடு கார் சாவியைத் தொடவே இல்லை. கடைசியாக நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அதனால்தான் யாரும் முந்திப் போகக்கூடாது என்பதை முதல் சட்டமாக வைத்தாள். அதற்கு மகள்தான் பெயர் வைத்தாள், "ஒரே சுவர்ல மூணு கை, ஓகேவாம்மா?" இந்தக் கரையில் ஒன்றாகக் கிளம்பி அந்த ஆழக் கரையின் சுவரை மூன்று கையும் ஒன்றாகத் தொடுவது. அன்றைக்கு மூன்று பேரும் சமையலறைச் சுவரில் கையை வைத்துப் பார்த்தார்கள், அவர் கை நடுவில், கிரீஸ் கறையோடு. அந்தக் கறை இன்னும் அங்கே இருக்கிறது, அவள் துடைக்கவில்லை.

துண்டு! ஆமாம், துண்டு. வியாழக்கிழமை காலையில் துவைத்து வைத்த துண்டுகள் ஈரமாகவே இருக்கின்றன, மெஷின் சரியாகப் பிழியவில்லை போலிருக்கிறது என்று அவள் புலம்பினாளே, அவர் உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்து மெஷினைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தைக் கழற்றி, எதையோ முடுக்கி, "பெல்ட் லூசு. இப்பப் பாரு" என்றாரே. என்ன பெல்ட், எங்கே லூசு? புதன்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் குளித்துத் துவட்டிக் கொண்டுவந்து போட்ட ஈரம்! மகள் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்தாள், வெளிச்சம் ஆடியது, அவள் சிரிப்பை அடக்கியதில் ஆடியது, "ஒழுங்காப் பிடி கழுதை" என்று அவரும் சிரித்தார், வாசற்படியில் நின்று அதைப் பார்த்த அவளுக்கு நெஞ்சு குளிர்ந்து போயிற்று. அப்பாவும் மகளும் சேர்ந்து ஒரு வேலை செய்கிறார்கள், சேர்ந்து சிரிக்கிறார்கள், நம் திட்டம் பலித்துவிட்டது என்று... இரண்டு பேருக்கும் டீ வேறு போட்டுக் கொடுத்தாள். கடையில் தன்னோடு வேலை பார்க்கும் அக்காவிடம் பெருமை வேறு, எங்க வீட்டுல இப்ப எல்லாரும் ஒரே சிரிப்புக்கா, என்று. புதன்கிழமை கணக்கு டியூஷன் என்று சொல்லித்தான் அவர் மகளைக் கூட்டிப் போவார், இந்த மனுஷனுக்கு இவ்வளவு பொறுப்பா என்று அவள் வியந்திருக்கிறாள். இப்படியா ஒருத்தியின் காதில் பூச்சுற்றுவது? அதுவும் அவள் காதில்? கண் பரிசோதிக்கிறவள் கண்ணிலேயே மண்ணைத் தூவுவது?

நாள் முழுக்க அவள் செய்கிற வேலையே அதுதான். இது தெளிவா, அது தெளிவா, இப்போது, இப்போது என்று கேட்டுக் கேட்டு, யாருக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று கண்டுபிடிப்பது. கண்ணாடி போட ஆசைப்பட்டு, எழுத்தே தெரியலை ஆன்ட்டி என்று நடிக்கும் பிள்ளைகள் வருவார்கள். அவள் கோபப்பட மாட்டாள். பவரே இல்லாத வெறும் கண்ணாடியைப் போட்டுவிட்டு, இது ரொம்ப ஸ்பெஷல், இப்பப் படி பார்க்கலாம் என்பாள், பிள்ளை கடைசி வரிவரைக்கும் கடகடவென்று படித்துவிடும், அம்மாக்காரி தலையில் அடித்துக்கொள்வாள். என்கிட்ட நடிக்க முடியுமா, என்று அவள் அன்றொரு நாள் சாப்பாட்டு மேசையில் மார்தட்டியபோது அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். எதற்கென்று தெரியாமல் சிரித்தாள். அவளுக்கு இப்போது விளங்குகிறது, அவர்களைச் சேர்த்து வைத்தது நீச்சலே இல்லை. அவளுக்குத் தெரியாமல் வைத்துக்கொள்வதுதான். அதுதான் அவர்களுடைய இலக்கு, இரண்டு பேரும் ஒன்றாக ஆரம்பித்து ஒன்றாகத் தொட்ட சுவர். அந்தச் சுவரின் இந்தப் பக்கம் அவள்.

நீச்சல் மாஸ்டர் விசில் ஊதினார். இன்றைக்குப் பலகை கிடையாது, ஆழம் ஆரம்பிக்கும் இடத்தில் கட்டியிருக்கும் கயிறு வரைக்கும் மூன்று பேரும் ஒன்றாகப் போய்த் தொட வேண்டும், கால் எட்டும், பயப்பட ஒன்றுமில்லை. மாஸ்டருக்கும் தெரிந்திருக்குமோ? தெரிந்துதான் இவ்வளவு அன்பாகப் பேசுகிறாரோ? பலகையைக் கரையில் வைத்தாள். அவர் இடப்பக்கம் வந்து நின்றார், மகள் வலப்பக்கம். "ரெடியா?" என்றார். "பொறுமையாப் போவோம். நானும் மெதுவாத்தான் வருவேன்." அந்த 'நானும்' யாருக்காக? கிளம்பினார்கள். அவள் தலையை உள்ளே விட்டாள், கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள், மகளின் பவரில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது, அடியில் நீலச் சதுரங்கள், இடப்பக்கம் அவர் கால்கள் எவ்வளவு ஒழுங்காக, எவ்வளவு அடக்கமாக, பிரேக்கை மிதித்துக்கொண்டே ஓட்டுவதுபோல... வலப்பக்கம் மகளின் இடுப்பு தண்ணீரோடு தண்ணீராக வளைகிறது, அழகு, ஐயோ, என்ன அழகு, இதைப் பெற்றவள் பார்க்கக்கூடாது என்றா ஒளித்து வைத்தாய்? கயிறு கிட்டத்தில் வந்துவிட்டது. அப்போதுதான் தோன்றிற்று, கடையில் பிள்ளைகளுக்குப் போடுவதுபோல இவர்களுக்கும் ஒரு வெறும் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் என்ன? யோசிக்கவில்லை. கையை நிறுத்தினாள், காலை நிறுத்தினாள், வாயைத் திறந்து ஒரு சத்தம் எழுப்பிவிட்டு அப்படியே உள்ளே போனாள்.

பார்த்தாள். ஒரே உதைப்பு, அவர் தண்ணீரை வெட்டிக்கொண்டு அம்புபோல வந்தார். மகள் தலைகீழாகத் திரும்பி அடியிலிருந்து, ஒரு மீன் போல, மூச்சுக்குத் தவிக்காமல், அம்மாவின் அக்குளுக்குள் கையைக் கொடுத்தாள். யாரும் தும்மவில்லை, யாரும் செத்தேன் என்று சொல்லவில்லை. கடைசி வரிவரைக்கும் கடகடவென்று படித்துவிட்டார்கள். மேலே தூக்கினார்கள், நான்கு கைகளும் அவளை இறுக்கிப் பிடித்திருந்தன, அந்தப் பிடியில் பொய் இல்லை. ஆனால் தலை வெளியே வந்ததும் இரண்டு பேரும் முதலில் அவளைப் பார்க்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாட்டிக்கொண்டோமா? அது ஒரு கணம்தான், அதற்குள் அவளுக்கு நிஜமாகவே புரையேறி இருமல் வந்துவிட்டது, நடிப்பாக ஆரம்பித்தது நிஜமாக முடிந்தது, கண்ணில் நீர் வந்தது, அது இருமலால் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"பயந்துட்டியா? ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல, நான் இருக்கேன்ல" என்று அவர் முதுகைத் தடவினார். மகள் இரண்டு கையாலும் அம்மாவின் முகத்தைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேராக இழுத்தாள், இவ்வளவு கிட்டத்தில்தான் அவளுக்குத் தெரியும், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "ம்மா, என்னைப் பாரும்மா, மூச்சு விடு" என்றவள், கண்ணாடியைக் கழற்றப் பின்தலைக்குக் கையைக் கொண்டுபோனாள். விரலில் முடிச்சு தட்டுப்பட்டது. விரல் அங்கேயே நின்றது. ஆரஞ்சு வாரைப் பார்த்தாள். காதுமடல் சிவந்தது, சின்ன வயதில் பொய் சொன்னால் சிவக்குமே, அப்படி. அவருக்கு எதுவும் தெரியவில்லை. அவருடைய கவலை வேறு. கொஞ்சம் தயங்கி, சாதாரணமாகக் கேட்பதுபோல, "தண்ணிக்குள்ள கண்ணைத் திறந்தா வச்சிருந்தே?" என்றார்.

இதோ, கேட்டுவிட்டார். சொல், ஒரு வார்த்தை போதும், திறந்துதான் வைத்திருந்தேன், எல்லாம் பார்த்தேன், புதன்கிழமை, துண்டு, பெல்ட், எல்லாம்... மகளின் விரல் இன்னும் அந்த முடிச்சிலேயே இருந்தது. "இல்லைங்க" என்றாள் அவள். "பயத்துல மூடிக்கிட்டேன். ஒண்ணுமே தெரியல."

தண்ணீருக்கு அடியில் ஒரு கை வந்து அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது, கெட்டியாக, எலும்பு வலிக்கும்படி. சாலையைக் கடக்கும்போதுகூட என் கையைப் பிடிக்காதே என்று உதறுகிறவள்தான். எத்தனை காலமாயிற்று... அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. அவர் நிம்மதியாக மூச்சு விட்டு, தலைமுடியிலிருந்து தண்ணீரை வழித்து எறிந்து, "பரவால்ல, அடுத்த வாரம் வந்துடும். மூணு பேரும் சேர்ந்தே தொட்டுடலாம்" என்றார். அவளும் மகளும் ஒரே நேரத்தில் "ம்" என்றார்கள். பாவம், இவருக்கு ஒன்றுமே தெரியாது, என்று நினைத்தாள், பிரியத்தோடுதான் நினைத்தாள். அப்படியானால்... புதன்கிழமைகளில் அந்த ஆழப் பக்கத்துச் சுவரைத் தொட்டு நின்று மூச்சு வாங்கும்போது, இவர்கள் இரண்டு பேரும் தன்னைப் பற்றி நினைத்ததும் இதே பிரியத்தோடுதானா, இதே 'பாவம்'தானா? மாஸ்டர் மறுபடி விசில் ஊதினார், மகள் கையை விடவில்லை, அவளும் விடவில்லை.