யூஜினின் ஒருசந்தி

1.
மார்த்தாண்டத்துத் தையல்கடை ஒன்றில், தம்பியின் கால்சட்டைகளை இடுப்பு பிடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தாள் ஒரு பெண். தம்பி மெலிந்துவிட்டான் என்று முகத்தில் அப்படியொரு பெருமை. அந்தப் பெருமைதான் இந்தக் கதைக்கு விதை. மற்றதெல்லாம் நான் கட்டியது.

2.
தொடக்கம்: "கடல் அன்று..." வேண்டாம். கடலில் தொடங்கினால் நீங்கள் கடலையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

மீன் விற்கும் வியாகுலம்மாளின் தம்பி யூஜின், டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். வயது ஐம்பதை நெருங்குகிறது. (குழந்தை என்று எழுதி அடித்துவிட்டேன். மீசை வைத்த மனிதன் அவன்.) உடம்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் திட்டாத மாதமில்லை. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் பிறந்ததும் யூஜின் பாதிச் சோற்றை ஒதுக்கினான். பிறகு தட்டையே தள்ளினான்.

"எனக்க தம்பி ஒருசந்தி இருக்கான், பாத்தியளா!"

கோயில் முற்றத்தில் எதிர்ப்பட்டவரிடமெல்லாம் சொன்னாள். ஒருசந்தி நோன்பு என்றால் சும்மாவா? பங்குச்சாமியாரே அவன் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்.

3.
ஈஸ்டர் வந்தது. நோன்பு முடிந்தது. இறைச்சிக்கறி மணத்தது. அவன் தொடவில்லை.

"ஏலே, ஈஸ்டர்லா இண்ணைக்கு. தின்னு மக்கா."

சிலுவை போடாமல் ஒரு வாய் உண்ணாதவன் யூஜின். நெற்றியைத் தொட்டான். நெஞ்சைத் தொட்டான். கை அங்கேயே நின்றுவிட்டது. அடுத்து எங்கே என்று கேட்பதுபோல அக்காவைப் பார்த்தான். மறுநாளே அவனை டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

டாக்டர் சொன்னார்: "டவுன் சிண்ட்ரோம் உள்ளவங்க இந்த வயசுல காரணமில்லாம மெலிஞ்சா சந்தோஷப்படக் கூடாதும்மா. சிலருக்கு மறதி நோய் தெரியறதுக்கு முன்னாலயே எடை குறையும். எப்பத்துல இருந்து?"

"கிறிஸ்மஸ் சட்டையே தொளதொளன்னுதான் கெடந்துது டாக்டரே. நான்... நான் அதைக் கொண்டாடினேன்."

4.
முடிவு ஒன்று: மாத்திரையில் தேறிவிடுகிறான். (பொய். மறந்துபோனதைத் திருப்பிக்கொண்டுவரும் மருந்து இல்லை.)

முடிவு இரண்டு: வியாகுலம்மாள் பீடத்தின் முன்னால் நின்று கடவுளோடு சண்டை... இல்லை. அவளுக்கு எங்கே நேரம்? சோறு பிசைந்துகொண்டிருக்கிறாள்.

நெஞ்சில் நிற்கும் அவன் கையைப் பிடித்து இடது தோளுக்கும் வலது தோளுக்கும் கொண்டுபோகிறாள். வாய் திறக்கிறது. ஓர் உருண்டை. அடுத்த உருண்டைக்கு மறுபடி நெற்றி, நெஞ்சு. கை நிற்கிறது.

ஒருநாள் அவன் கையை அவளே பிடித்துக் கொண்டுபோனாலும் அந்த வாய் திறக்காது. அந்த நாளை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னால்...