தறி நின்ற வகுப்பு

“அக்கா, உங்க காலேஜ்ல யாரு எந்நேரமும் கட்டை தட்டிக்கினே இருக்கிறது?”

கிரேஸ் பிடித்திருந்த போனில் தானும் காதை வைத்து, ஆறு வயதுத் தங்கை அம்சா கேட்டாள்.

கொரோனாவின் இரண்டாம் அலை. கல்லூரி கைபேசிக்குள் வந்துவிட்டது. ஐயம்பேட்டையில் கிரேஸிடம் இருந்ததோ பட்டன் போன். பாடம் கேட்காமல் பரீட்சை எழுத முடியாது. அதனால் வகுப்புத் தோழன் கதிர்வேல் தினமும் வேறொரு போனில் அவளை அழைத்து, பாடம் ஓடும் தன் ஸ்மார்ட்போன் பக்கத்தில் வைத்துவிடுவான்.

மற்றவர்களுக்கு ஆன்லைன் வகுப்பு பிடித்திருந்தது. “கேமராவ ஆஃப் பண்ணிட்டுத் தூங்குறதுக்கும் டிகிரி தராங்கப்பா” என்பான் உடன் படிக்கும் குமரகுரு. கிரேஸுக்குப் பாதிப் பாடம் கதிர்வேல் வீட்டுத் தறிச் சத்தத்தில் போயிற்று.

“கதிரு, அந்தத் தறிய நிறுத்தச் சொல்லேன்பா. ஒண்ணுமே கேக்கல.”

“மியூசிக்கோட பாடம் நடத்துனா கசக்குதா உனுக்கு?”

மறுநாளிலிருந்து சத்தம் இல்லை.

மே மாதம் கதிர்வேல் காய்ச்சலில் இறந்தான். உடலை வீட்டுக்குத் தரவில்லை.

“மறுநாள் அட்டெண்டன்ஸ்ல மேடம் அவன் பேர ரெண்டு வாட்டி கூப்டாங்க” என்று குமரகுரு பிறகு சொன்னான். “நாங்க எல்லாம் மியூட்ல இருந்தோம்.”

ஊரடங்கு தளர்ந்ததும் கிரேஸ் அவன் வீட்டுக்குப் போனாள்.

“போன்ல பாடம் கேட்ட பொண்ணு நீதானாம்மா?” என்றாள் அவன் தாய் தையல்நாயகி. “இது கோர்வைச் சேலை, உடலையும் கரையையும் தனித்தனி நூல்ல கோத்து நெய்யறது. அவங்கப்பா உடல் நெய்வாரு, இவன் பக்கத்துல குந்திக்கினு கரைக்கு நூல் ஓட நாடா வீசணும். ஒருத்தர் நிறுத்தினா தறியே நின்னுடும். உன் கிளாஸ் முடியறவரைக்கும் ரெண்டு பேரும் கைய கட்டிக்கினு இருப்பாங்க. விடியறதுக்கு முன்ன அவங்கப்பாவையும் எழுப்பி அத ஈடு கட்டுவான்.”

கிரேஸ் தறிப் பக்கம் திரும்பினாள். இதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

அவன் இடத்தில் இப்போது அவனுடைய தங்கை அபிநயா உட்கார்ந்திருந்தாள். கல்லூரியில் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, தொலைநிலைக் கல்வியில் சேர்ந்திருந்தாள்.

“புக்கு வந்துடுச்சிக்கா. பிரிக்கவே இல்ல. ரெண்டு கையும் தறிக்கே போயிடுது.”

“குடு. நான் வாய்விட்டுப் படிச்சி, பதிஞ்சி அனுப்பறேன். இயர்போன்ல கேளு.”

பின்னர் ஒரு ஞாயிறு. ஆராதனை முடிந்து எல்லோரும் போனபின் கிரேஸ் ஜெபவீட்டில் தங்கினாள். புதிதாக வாங்கிய ஸ்மார்ட்போனில் அபிநயாவின் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் வாசித்துப் பதிந்து கேட்டாள். மின்விசிறியின் கடகடப்பு பாதி வார்த்தைகளை விழுங்கியிருந்தது.

எழுந்து அதை நிறுத்தினாள். தெருச் சத்தம் வராமல் சன்னல்களையும் சாத்தினாள். தகரக் கூரை கொதித்தது. வியர்வை கண்ணில் இறங்க, துடைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினாள்.